படிக்காமல் விட்ட வரி

அந்த வீட்டில் அவளை எல்லாரும் பல் அத்தை என்றுதான் கூப்பிட்டார்கள். அண்ணன் பிள்ளைகள் மழலையில் வைத்த பெயர். பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள், பால்காரர், இஸ்திரி போடுகிறவர் என்று எல்லார் வாயிலும் அது ஒட்டிக்கொண்டது. பல் டாக்டர் ஒருவரின் ஆஸ்பத்திரிக்குப் பின்புறம் இருந்த சின்ன அறையில் பல் செட் செய்வது அவள் வேலை. மெழுகில் ஈறு பிடித்து, அதில் ஒவ்வொரு பல்லாகப் பதித்து, அச்சில் வார்த்து, மெஷினில் கொடுத்துப் பளபளவென்று தேய்த்து எடுப்பாள். ஊரில் வயதானவர்கள் யாராவது வாய் விட்டுச் சிரித்தால், அது தன் கை வேலையா என்று ஒரு கண் பார்க்காமல் இருக்க அவளால் முடியாது.

கல்யாணம் அமையவில்லை. வந்த இடங்கள் சில தட்டிப்போயின. கடைசியாக வந்ததை அவளே தட்டிவிட்டாள். அண்ணன் வீட்டு மாடியறை அவளுடையதாகிவிட்டது. அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். நல்ல மனுஷர். ஆனால் பேச்சு என்றால் வானொலியோடுதான். வீட்டில் இருக்கிறவர்களிடம் அவர் பேசுகிற வார்த்தைகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அந்த வீட்டில் பல் அத்தைக்கு வாய்த்த துணை அண்ணிதான். நாத்தனாரும் அண்ணியும் என்றால் ஊர் என்ன எதிர்பார்க்குமோ, அதற்கு நேர்மாறு இந்த இரண்டு பேரும். அண்ணி கடலை அளக்கிற துறையின் அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவள். கப்பலில் போகிறவர்கள் எங்கே எவ்வளவு ஆழம், எங்கே பாறை, எங்கே மணல்திட்டு என்று குறித்து அனுப்புவார்கள். அதை வைத்துக் கடல் வரைபடத்தைக் கறுப்பு மையால் சுத்தமாக வரைந்து எழுதுவது அண்ணி. கரையோரத்தின் ஒவ்வொரு வளைவும் அவளுக்கு மனப்பாடம். கடலையோ கரையில் நின்று பார்த்ததோடு சரி. அதுவும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, அலைக்குப் பயந்துகொண்டு.

முதல் புத்தகம் வந்து சேர்ந்தது பல் டாக்டரின் ஆஸ்பத்திரி வரவேற்பறையிலிருந்து. பழைய பத்திரிகைகளை ஒழித்துக் கட்டும்போது, அட்டை கிழிந்த ஒன்றை பல் அத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். எரிமலைகளை ஆராயப் போன ஒருத்தியின் வாழ்க்கை வரலாறு. அவள் எடுத்ததற்குக் காரணம் படிப்பு ஆசை இல்லை. உள்ளே இருந்த ஒரு படம். ஆம்பளை பூட்ஸ் போட்டுக்கொண்டு, புகைகிற மலைக்கு முன்னால் நின்று, அந்தப் பெண் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். முன் பல் ஒன்று இல்லை.

"அண்ணி, இங்க பாருங்க. இப்படி ஒரு ஓட்டையை வெச்சுக்கிட்டு போட்டோவுக்கு இப்படிச் சிரிக்கணும்னா எவ்வளவு நெஞ்சழுத்தம் வேணும்!"

அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "கண்ணு எரியுதுடி. என்ன போட்டிருக்குன்னு நீயே படி" என்றாள்.

அப்படி ஆரம்பித்தது. நாள் முழுக்க ஊசி முனை போன்ற பேனாவையே பார்த்துவிட்டு வரும் அண்ணிக்குச் சாயங்காலமானால் கண் எரியும். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவர் வீட்டில் இது ஒரு வேடிக்கை. அதனால் சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பல் அத்தை உரக்கப் படிப்பாள். அண்ணி வேலை செய்துகொண்டே கேட்பாள். எரிமலைக்காரி முடிந்ததும் நூலகத்துக்குப் போனார்கள். அங்கே எப்போது பார்த்தாலும் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும் நூலகர், "பெண்கள் வாழ்க்கை வரலாறா? அந்த அலமாரிப் பக்கம் நான்கூடப் போனதில்லம்மா. தூசு. நீங்களே பாத்து எடுத்துக்குங்க" என்றார்.

அந்தத் தூசிக்குள்ளிருந்து ஒவ்வொருத்தியாக வீட்டுக்கு வந்தார்கள். ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டிய ஒருத்தி. காடு காடாக அலைந்து செடி சேகரித்த ஒருத்தி. கோர்ட்டு வாசலில் நிற்கக்கூட விடாத காலத்தில் வக்கீலுக்குப் படித்து, கடைசியில் தீர்ப்பு எழுதும் நாற்காலியில் உட்கார்ந்த ஒருத்தி. இவர்களுடைய பெயர்கள் நீளமாக, வாயில் நுழையாமல் இருந்தன. அதனால் எரிமலைக்காரி, பாலக்காரி, செடிக்காரி, ஜட்ஜம்மா என்று இவர்களே கூப்பிட்டுக்கொண்டார்கள். அடுத்த தெருவில் குடியிருக்கிறவர்களைப் பற்றி வம்பளக்கிற மாதிரிதான் பேச்சு போகும்.

"பாலக்காரிக்கு ஒருவழியா மாமியார் சம்மதம் கொடுத்துட்டாங்களாம், அண்ணி."

"அப்பாடா. பாவம், எத்தனை நாளா இழுத்தடிச்சா அந்தக் கிழவி!"

அண்ணன் ஒரு நாள் வானொலியைக் குறைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "யாருக்கு, நமக்குப் பால் ஊத்துற அம்மாவுக்கா? வீட்டுல பிரச்சனையா? சொல்லவே இல்லையே."

இரண்டு பெண்களும் சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்தது அடிப்பிடித்தது. "பால் ஊத்துறவங்க இல்லண்ணா, பாலம் கட்டினவங்க. அவங்க செத்து ரொம்ப காலமாச்சு" என்று பல் அத்தை சொன்னதும், அண்ணன் தலையை ஆட்டிவிட்டு வானொலிக்கே திரும்பிவிட்டார்.

வெறும் பொழுதுபோக்கு என்று அதைத் தள்ளிவிட முடியாது. ஒருத்தி வாழ்ந்து தீர்த்த காலம் முழுவதையும் சில சாயங்காலங்களில் கூடவே நடந்து பார்க்கிற வாய்ப்பு அது. அப்படிக் கூட நடந்த இந்த இரண்டு பேரும் பழையபடியே இருக்கவில்லை. சுரங்கத் தூசியால் நெஞ்சு கெட்ட தொழிலாளர்களுக்காகப் போராடிய ஒரு பெண் டாக்டரைப் பற்றிப் படித்த வாரம், பல் அத்தை தன் மேஜையைப் பார்த்தாள். செட்டைத் தேய்க்கும்போது பறக்கிற வெள்ளைப் பொடி ஜன்னல் கம்பியெல்லாம் படிந்திருந்தது. மறுநாள் டாக்டர் முன்னால் போய் நின்றாள். "தூசி உறிஞ்சுற மெஷின் வேணும் டாக்டர். அது வர்ற வரைக்கும் நான் தேய்க்க மாட்டேன்" என்றாள். அத்தனை வருஷ வேலையில் அவள் வாயிலிருந்து 'மாட்டேன்' என்ற சொல் வந்தது அதுதான் முதல் தடவை. டாக்டர் வாயைத் திறந்தபடி இருந்தார். மெஷின் வந்தது.

அண்ணியும் சும்மா இருக்கவில்லை. அவள் வரைகிற படங்களின் மூலையில் மேலதிகாரியின் கையெழுத்து மட்டும்தான் இருக்கும். செடிக்காரி கண்டுபிடித்த செடிகளுக்கெல்லாம் வேறொருவர் பேர் வாங்கிக்கொண்டு போன கதையைக் கேட்டு, கரண்டியைத் தட்டி வைத்தவள், அந்த மாதமே 'வரைந்தவர்' என்று எழுதித் தன் பெயரையும் போட ஆரம்பித்தாள். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு வைத்திருந்த பதில் வீணாகிப் போனதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

இப்படியே வருஷங்கள் ஓடின. பையன் படிக்க வெளியூர் ஹாஸ்டலுக்குப் போனான். மகள் பள்ளிப் படிப்பின் கடைசியில் இருந்தாள். அப்போதுதான் அந்தக் கப்பல் செய்தி வந்தது.

அண்ணி அன்றைக்குச் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்கு வந்தாள். கன்னமெல்லாம் சிவந்திருந்தது.

"தெற்குப் பக்கத் தீவுக் கூட்டத்தை முழுசா அளக்கப் போறாங்களாம். வரையறவங்களும் கூடவே போகணுமாம், அங்கேயே வரைஞ்சு அங்கேயே சரிபார்க்க. பொம்பளைங்களும் வரலாம்னு இந்தத் தடவைதான் சொல்லியிருக்காங்க. பெரிய ஆபீசர் என்னைக் கூப்பிட்டு, 'உங்களைத்தான் நெனச்சேன்'னார்."

"எவ்வளவு நாள் அண்ணி?"

"ரெண்டு வருஷம்னு சொல்றாங்க. நடுவுல ஒரு தடவை வரலாம்."

மகள் துள்ளிக் குதித்தாள். "அம்மா, போம்மா! என் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட எங்கம்மா கப்பல்ல இருக்காங்கன்னு சொல்லுவேன்."

அண்ணன்தான் குறுக்கே நிற்பார் என்று எல்லாரும் நினைத்தார்கள். படித்த புத்தகங்களில் எல்லாம் அப்படித்தானே இருந்தது. அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். தண்ணீர் குடித்தார். "எனக்குச் சமைக்கத் தெரியாதுன்னு நெனச்சியா? கல்யாணத்துக்கு முன்னாடி யார் சமைச்சா? போறதுன்னா போ. கடல் காத்துக்கு நல்ல கோட்டா வாங்கிக்கோ" என்றார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி யாரும் பார்த்ததில்லை. அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தைத் துடைக்கிற மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பல் அத்தையும் சிரித்தாள், கை தட்டினாள், "பாருங்க, உங்களைப் பத்தியும் ஒரு நாள் புத்தகம் வரும்" என்றாள். மாடியறைக்குப் போனதும் விளக்கைக்கூடப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் வேலையில் ஒரு கிழவருக்கு மேல் வரிசைப் பல்லைக் கீழ் வரிசையில் பதித்துவிட்டாள். மெழுகை உருக்கி மறுபடி ஆரம்பித்தாள். கை வேலை செய்தது. மனசு வீட்டைச் சுற்றியது. பையன் இல்லை. மகளும் அடுத்து எங்காவது படிக்கப் போய்விடுவாள். அண்ணி இல்லாத சமையலறையில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு யாருக்குப் படிப்பது? சாப்பாட்டு மேஜையில் அண்ணனும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். வானொலி பேசும். இரண்டு பேர் மெல்லுகிற சத்தம் கேட்கும். தன் வாழ்க்கையில் 'வாடி, உக்காரு, என்னாச்சு தெரியுமா' என்று சொல்ல இருந்த ஒரே ஆள் கப்பல் ஏறிப் போய்விடப் போகிறாள். இதை அண்ணியிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். 'நீங்க இல்லாம பயமா இருக்கு' என்று நாலு வார்த்தை. அந்த நாலு வார்த்தைதான் அவளுக்கு வரவில்லை. அண்ணன் வீட்டில் ஒண்டியிருக்கிறவளுக்கு அதைக் கேட்க என்ன உரிமை என்று தோன்றியது.

பெயர் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம். அண்ணி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்று நின்று போனது.

"எல்லாரும் போ போன்னு சொல்றாங்க. நீ மட்டும் ஒண்ணும் சொல்லலையே. நீ சொல்லு. நீதான் இத்தனை பேரோட கதையையும் என்கூடச் சேர்ந்து படிச்சவ."

பல் அத்தை ஒரு பீன்ஸை எடுத்து நாரை உரித்தாள். பிறகு, "எரிமலைக்காரியோட கடைசி அத்தியாயம் ஞாபகம் இருக்கா அண்ணி?" என்று கேட்டாள்.

"ரொம்ப நாளாச்சே. என்ன?"

பல் அத்தை மாடிக்குப் போய் அந்தக் கிழிந்த அட்டைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. மேலேயே பார்த்து வைத்திருந்தாள். எரிமலைக்காரி வயதாகி, கடலோரத்தில் ஒரு வாடகை அறையில் தனியாக இருக்கிறாள். சொந்தக்காரர்கள் வீட்டில் வளர்ந்த மகள் எப்போதாவது வருகிறாள்; விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்துவிட்டுப் போகிறாள். அந்த இடத்தை பல் அத்தை நிதானமாக, நல்ல ஏற்ற இறக்கத்தோடு படித்தாள். அவளுக்குக் குரல் நன்றாக வரும்.

"'மலைகளின் பெயர்கள் எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தன. என் மகளுக்குப் பிடித்த நிறம் எது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.'"

அங்கே நிறுத்தினாள். புத்தகத்தை மூடினாள்.

அந்தப் பத்தி அங்கே முடியவில்லை. அடுத்த வரி அவள் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது: 'ஆனாலும் நாளைக்கே ஒரு மலை புகையத் தொடங்கினால், இந்த ஊன்றுகோலோடு கிளம்பிவிடுவேன், அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.' அந்த வரியை அவள் படிக்கவில்லை. படிக்காமல் விட்ட பிறகு, மேற்கொண்டு பேசவும் செய்தாள்.

"பாலக்காரியும் அப்படித்தானே அண்ணி. கடைசியில ஒரு நர்ஸ்தான் பக்கத்துல இருந்தா. பொண்ணுக்கு இப்பத்தான் வயசு. இந்த வயசுல நீங்க பக்கத்துல இல்லாம போனா... அவ இன்னிக்குக் குதிப்பா. நாளைக்கு என்ன நெனப்பாளோ. நான் போகாதீங்கன்னு சொல்லல. யோசிங்கன்னுதான் சொல்றேன்."

அண்ணி பீன்ஸைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ம்" என்றாள். கத்தி மறுபடி ஓட ஆரம்பித்தது. இந்தத் தடவை ஒரே சீராக.

மறுநாள் அவள் பெயர் கொடுக்கவில்லை. அவளுக்கு அடுத்த மேஜையில் இருந்த சின்னப் பெண் கொடுத்தாள். கப்பல் கிளம்பிப் போனது.

வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மகள் மட்டும் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் "உன் இஷ்டம்" என்றார். பல் அத்தை நூலகத்துக்குப் போய்ப் புதிதாக வந்திருந்த ஒரு நீச்சல்காரியின் வரலாற்றை வாங்கி வந்து, ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு வேண்டாம்டி. தலை வலிக்குது."

அடுத்த நாள் அலுவலகத்தில் வேலை அதிகமாக இருந்தது. அதற்கடுத்த நாள் யாரோ வந்திருந்தார்கள். நீச்சல்காரி தண்ணீரில் இறங்காமலே நூலகத்துக்குத் திரும்பிப் போனாள். பல் அத்தை வேறொன்று வாங்கி வந்தாள். அதுவும் அப்படியே போனது. அண்ணி கோபமாக இருந்தாள் என்று சொல்ல முடியாது. எப்போதும் போலச் சாப்பாடு போட்டாள், உடம்புக்கு முடியாத அன்று கஷாயம் வைத்துக் கொடுத்தாள், 'வெயில்ல போகாதே' என்று குடையை எடுத்துக் கொடுத்தாள். 'என்னாச்சு தெரியுமா' மட்டும் நின்று போனது. அவளை வீட்டில் இருத்திவைக்கத்தான் பல் அத்தை அந்த வரியை விழுங்கினாள். வீட்டில் இருந்தது அண்ணிதான். ஆனால் பல் அத்தை யாரை இழக்கப் பயந்தாளோ அந்த அண்ணி எங்கேயோ கிளம்பிப் போயிருந்தாள்.

கப்பலிலிருந்து அளவுகள் வர ஆரம்பித்தன. அவற்றைச் சுத்தப் பிரதி எடுக்கிற வேலை அண்ணிக்குத்தான் வந்தது. ஒரு நாள் சாப்பிடும்போது, யாரும் கேட்காமலே சொன்னாள்: "பேரே இல்லாத ஒரு சின்னத் திட்டாம். அந்தப் பொண்ணு முதல்ல பார்த்ததால அவளையே பேர் வைக்கச் சொல்லியிருக்காங்க. அவங்க அம்மா பேரை வெச்சிருக்கா. இன்னிக்கு எழுதினேன். சின்ன எழுத்துல எழுதணும், திட்டு சின்னது பாரு." சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுக்கொண்டாள். பல் அத்தை பாதிச் சாப்பாட்டில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

மகளுக்குப் படிப்பு முடிவு செய்ய வேண்டிய நேரம் வந்தது. வெகு தூரத்தில் ஓர் ஊரில் பூகம்பத்தைப் பற்றிப் படிக்க இடம் கிடைத்திருந்தது. உள்ளூரில் வேறொன்று கிடைத்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் மாடிக்கு வந்து, பல் அத்தையின் கட்டிலில் குதித்து உட்கார்ந்தாள்.

"அத்தை, நீங்க சொல்லுங்க. நீங்கதான் நிறையப் படிச்சவங்க. நான் எதுக்குப் போகட்டும்?"

பல் அத்தை சடாரென்று எழுந்துவிட்டாள். "என்கிட்ட கேக்காதடா. யார்கிட்ட வேணும்னாலும் கேளு. என்கிட்ட மட்டும் கேக்காதே" என்று சொல்லிக்கொண்டே மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. கீழே போய் அம்மாவிடம் சொன்னாள்.

அண்ணி மேலே வந்தபோது, பல் அத்தை கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து, மடித்ததையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு உனக்கு? அவ பயந்துட்டா."

"அண்ணி, நான் உங்களுக்கு ஒரு துரோகம் பண்ணிட்டேன்."

"என்னடி இது, பெரிய வார்த்தையெல்லாம் சொல்ற?"

"அன்னிக்கு எரிமலைக்காரி கதையை நான் பாதியில நிறுத்திட்டேன். அதுக்கப்புறம் இன்னொரு வரி இருந்துச்சு. அவ மறுபடியும் போவேன்னுதான் சொல்லியிருந்தா. நான் வேணும்னே விட்டுட்டேன். உங்க பொண்ணுக்காக இல்ல. எனக்காக. நீங்க போயிட்டா நான்..."

அண்ணி ஒரு துண்டை எடுத்து உதறினாள். மடித்தாள். கூடையில் வைத்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீ படிச்சுக் காட்டுற புத்தகத்தையெல்லாம் மறுநாள் பஸ்ஸுல நானும் ஒரு தடவை படிப்பேன். உன் குரல்ல ஒரு தடவை, என் கண்ணால ஒரு தடவை. உனக்குத் தெரியாது. அன்னிக்கு நீ படிக்க ஆரம்பிச்சதுமே ஞாபகம் வந்துருச்சு, அந்த வரி எனக்கு மனப்பாடம். நீ புத்தகத்தை மூடினப்ப விரலை அந்தப் பக்கத்துலயே வெச்சிருந்ததையும் பார்த்தேன்."

பல் அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "தெரிஞ்சுமா போகாம இருந்தீங்க? ஏன் அண்ணி? என்னை நாலு அறை அறைஞ்சிருக்கலாமே!"

"அறையணும்னுதான் தோணுச்சு." அண்ணியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இவளுக்கு நான் இவ்வளவு வேணுமான்னு முதல்ல ஆச்சரியமா இருந்துச்சு. என்னை யாரும் அப்படி வேணும்னு நெனச்சதில்ல. போகாம இருந்தது அதனாலதான்னு கொஞ்ச நாள் சொல்லிக்கிட்டேன். அப்புறம் பார்த்தா, அது மட்டும் இல்ல. எனக்கும் பயம். நடுக்கடல்ல, முன்னப் பின்ன தெரியாத ஆம்பளைங்க நடுவுல, தப்பா வரைஞ்சுட்டா என்ன பண்றதுன்னு பயம். உங்கண்ணன் வேண்டாம்னு சொல்லுவார், அவர் மேல பழியைப் போட்டுட்டு நிம்மதியா இருக்கலாம்னு நெனச்சேன். அந்த மனுஷன் கோட்டு வாங்கிக்கோன்னுட்டார். அப்பத்தான் நீ புத்தகத்தைத் தூக்கிட்டு வந்தே. ஆளு கிடைச்சாச்சுன்னு பிடிச்சுக்கிட்டேன்."

"அப்ப ஏன் என்கூடப் படிக்கறதை விட்டுட்டீங்க?"

அண்ணி கூடையில் இருந்த துண்டின் ஓரத்தை நேராக்கினாள். "அவங்க கதையைக் கேக்கவே முடியலடி. முன்னாடியெல்லாம் காலைப் பிடிச்சு இழுக்கிறவங்க வந்தா திட்டுவோமே, இப்ப யாரைத் திட்டுறது? உன்னைத் திட்டணும், இல்லன்னா என்னைத் திட்டணும். ரெண்டும் முடியல. நீ பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் ஒருவேளை அழுதுட்டு, கட்டிப்பிடிச்சுட்டு, போயிருப்பேன்."

அந்தக் கடைசி வார்த்தை பல் அத்தைக்குள் இறங்கிய இடம் பிறகு என்றைக்கும் ஆறவில்லை. இரண்டு பேரும் கூடையை நடுவில் வைத்துக்கொண்டு வெயில் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தார்கள். அன்று மாலை பல் அத்தை கீழே போய், "நீ தூரமாவே போ. அழுகை வரும், அதையும் எடுத்துட்டுப் போ" என்று அண்ணன் மகளிடம் சொன்னாள். அவள் போனாள்.

அதன் பிறகு மறுபடி படிக்க ஆரம்பித்தார்கள் என்பது உண்மை. நீச்சல்காரி திரும்பி வந்தாள். இன்னும் பலர் வந்தார்கள். பழைய சிரிப்புகூடச் சில நாள் வந்தது. ஆனால் பல் அத்தை ஒரு பத்தியின் முடிவில் மூச்சு வாங்கினால் போதும், அண்ணியின் கை ஒரு கணம் நிற்கும். அவளுக்கே தெரியாமல் நிற்கும். பல் அத்தை உடனே அடுத்த வரிக்கு ஓடிவிடுவாள்.

அடுத்த கப்பல் வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நம்பிக்கை கொஞ்ச காலம் இருந்தது. அது வரவில்லை. வானத்திலிருந்து படம் பிடித்து அனுப்புகிற காலம் வந்துவிட்டது. வரைகிறவர்களைக் கடலுக்கு அனுப்ப வேண்டிய தேவையே இல்லை என்றார்கள். அண்ணி அதே மேஜையிலிருந்து ஓய்வு பெற்றாள். பிரிவு உபசாரத்தில் ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். கப்பலில் போய் வந்த பெண் அப்போது அங்கே பெரிய பதவியில் இருந்தாள். அவள்தான் மாலை போட்டாள்.

அந்த வருஷம் பல் அத்தை அண்ணியை இழுத்துக்கொண்டு கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போனாள். பக்கத்தில் இருந்த தீவுக்குக் காலையில் போய் மாலையில் திரும்புகிற பயணிகள் படகு ஒன்று இருந்தது. "இதையாவது பார்த்துட்டு வரலாம் அண்ணி" என்றாள். தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். அண்ணி உடனே சரி என்றாள்.

படகு துறையை விட்டு விலகிக் கொஞ்ச தூரம் போனதுமே அண்ணிக்கு வயிற்றைப் புரட்ட ஆரம்பித்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலையில் சாப்பிட்டது எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்தாள். பல் அத்தை முதுகைத் தடவினாள், தண்ணீர் கொடுத்தாள், எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்தாள். அண்ணி முகம் வெளுத்துப்போய், பெஞ்சில் சாய்ந்து, திடீரென்று சிரித்தாள்.

"பார்த்தியா? இந்த லட்சணத்துல நான் ரெண்டு வருஷம் கப்பல்ல இருந்திருப்பேனாம்! நீ தடுத்தது நல்லதாப் போச்சு. மானம் போயிருக்கும்."

பல் அத்தை நெஞ்சில் ரொம்ப நாளாக இறுகிப்போயிருந்த ஒன்று சட்டென்று லேசானது. அவளும் சிரித்தாள். "நெஜமாவா அண்ணி?" என்று இரண்டு தடவை கேட்டாள். "நெஜமாடி" என்றாள் அண்ணி. தீவில் இறங்கி ஒரு மரத்தடியில் படுத்துத் தூங்கினார்கள். பல் அத்தை வெகு காலத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

திரும்பி வரும்போது காற்று இன்னும் பலமாக இருந்தது. அலைகள் படகைத் தூக்கித் தூக்கிப் போட்டன. ஏறியவர்களில் பாதிப் பேர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். பல் அத்தையே கண்ணை மூடிக்கொண்டு பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். திறந்து பார்த்தபோது பக்கத்தில் அண்ணி இல்லை. பதறிப்போய்த் தேடினாள்.

அண்ணி படகின் முன்னால், கம்பியில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். தெறிக்கிற தண்ணீரில் புடவை முழுக்க நனைந்திருந்தது. படகு எப்படி ஆடியதோ அப்படியே அவளும் ஆடினாள். இன்னொரு கையால் கரைப் பக்கம் காட்டி, அந்த முனைக்குக் கீழே பாறை இருக்கிறது, இப்போது படகு ஓட்டுகிறவர் இடது பக்கம் ஒடிப்பார் பாரு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். படகு இடது பக்கம் திரும்பியது.

கயிறு சுற்றிக்கொண்டிருந்த படகுக்காரர் பல் அத்தையைப் பார்த்துச் சிரித்தார். "காலையில அந்த அம்மாவா அவ்வளவு கஷ்டப்பட்டாங்க? சில பேருக்கு அப்படித்தாம்மா. ஒரு தடவை பண்ணும். அதோட சரி. அப்புறம் எவ்வளவு நாள் போனாலும் ஒண்ணும் பண்ணாது."

காற்று அவர் சொன்னதை அப்படியே முன்னால் தள்ளிக்கொண்டு போனது. அண்ணி திரும்பிப் பார்த்தாள். ஒரு கணம் இருவர் கண்ணும் சந்தித்தன. அண்ணி முகத்தில் கோபம் இல்லை. ஏக்கம் இருந்தது; அதை மறைக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. பிறகு கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

பல் அத்தை ஆடுகிற பலகையில் தட்டுத் தடுமாறி நடந்து போய், அவள் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். துறை வரும்வரை இரண்டு பேரும் அப்படியே நனைந்துகொண்டு நின்றார்கள்.